பாடத்தை எங்கே நிறுத்துவது? நாய் காட்டும் அறிகுறிகளும் சரிசெய்யும் வழியும்

நாய் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நேற்றுப் பயிற்சியை எப்படி முடித்தீர்கள்? அநேகம் பேருக்குச் சட்டென்று பதில் வராது. ஆரம்பித்தது ஞாபகம் இருக்கும், உட்காரச் சொன்னது ஞாபகம் இருக்கும். முடித்தது? போன் வந்தது, பால்காரர் மணி அடித்தார், நாய் எழுந்து போய்விட்டது, நமக்கே கோபம் வந்துவிட்டது. இப்படித்தான் பெரும்பாலான வீடுகளில் பாடம் முடிகிறது.

சலிக்கும் வரை இழுத்த பாடமும் பாதியில் கைவிட்ட பாடமும் மறுநாள் வேறு ஏதோ கோளாறு போல வெளியே தெரியும். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் மாடி வீடுகளிலிருந்து ஏற்காட்டுக் காபித் தோட்டங்கள் வரை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற அறிகுறிகளைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் நாய் எதைக் காட்டுகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் இந்த முதல் பகுதியை எல்லோரும் படித்துவிடுங்கள், மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

ஒரு பாடம் எப்படி இருக்க வேண்டும்

வளர்ந்த நாய்க்கு 3 முதல் 5 நிமிடம், குட்டிக்கு 2 நிமிடம் போதும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை செய்தால் தாராளம். ஒரு வேளைக்குப் புதிதாக ஒரே ஒரு விஷயம். உட்காருவது என்றால் உட்காருவது மட்டும்.

தொடங்கும் முன் 15 துண்டு எண்ணி ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொள்ளுங்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி, அவித்த முட்டை, கேரட், எதுவானாலும் கொண்டைக்கடலையில் பாதி அளவுக்குமேல் வேண்டாம். கிண்ணம் காலியானால் பாடம் முடிந்தது. கையில் பொட்டலத்தோடு உட்கார்ந்தால் எங்கே நிறுத்துவது என்று யாருக்குமே தெரியாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. சீசனில் சேலத்து மாம்பழத்தின் சதை ஒரு துண்டு கொடுக்கலாம், ஆனால் கொட்டையை எட்டாத இடத்தில் போடுங்கள், விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். நாள் முழுக்கக் கொடுக்கும் இந்தத் துண்டுகள் அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், அந்த அளவைத் தட்டில் குறைத்துவிடுங்கள்.

முதல் இரண்டு தடவை நன்றாகத் தெரிந்த சுலபமான வேலை. நடுவில் புதியது. கடைசி இரண்டு தடவை மறுபடியும் சுலபம். அப்புறம் முடிவுக்கான சைகை: இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி ஒரே ஒரு சொல். அந்தச் சொல் வீட்டில் வேறு எதற்கும் அதிகம் புழங்காததாக இருக்கட்டும். 'சரி' வேண்டாம், போனில் பேசும்போது நாம் அதை எத்தனை முறை சொல்கிறோம் என்று நாய்க்குத் தெரியும். என் பழக்கத்தில் 'ஆச்சு'.

"நாலைந்து தடவை நன்றாகச் செய்கிறது, அப்புறம் தரையை மோப்பம் பிடிக்கப் போய்விடுகிறது"

இதுதான் அதிகம் வரும் புகார். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: பாடம் நீளம்.

நாய் சட்டென்று விலகுவதில்லை. படிப்படியாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறது. அழகாபுரத்தில் ஒரு மொட்டை மாடியில் லாப்ரடார் ஒன்றுக்கு உட்காரச் சொல்லிக்கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் தடவை பின்பக்கம் தொப்பென்று தரையில் பதிந்தது, வால் தரையைப் பெருக்கியது, கண் வளர்ப்பவர் முகத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதே உட்காரல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாக்கு ஒருமுறை மூக்கை நக்கியது, கையில் கறி இருக்கிற இடத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தது ஒரு கொட்டாவி. அதற்கடுத்து கழுத்துப் பெல்ட்டைப் பின்னங்காலால் சொறிந்தது. அதன் பிறகுதான் எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரத்தை மோந்து பார்த்தது. வளர்ப்பவர், "பாத்தீங்களாண்ணா, திமிரு" என்றார். அது திமிர் இல்லை. நாக்கு மூக்கைத் தொட்ட இடத்திலேயே அது முடித்துக்கொள்ளக் கேட்டுவிட்டது.

அந்த இடத்துக்கும் முந்திய தடவைதான் நீங்கள் நிறுத்த வேண்டிய இடம். கண்டுபிடிக்க ஒரு வழி: இரண்டு நாள் யாராவது ஒருவர் தள்ளி நின்று, எத்தனையாவது தடவையில் வேகம் குறைகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். ஏழாவதில் குறைந்தால் ஐந்தோடு நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் அந்த எண் தானாகவே ஏறும்.

நிறுத்த விடாமல் தடுப்பது நம் ஆசைதான். "அண்ணா, ஒரே ஒரு தடவை, வீடியோ எடுத்துக்கிறேன்" என்பார்கள். நன்றாகச் செய்த அடுத்த நொடி மறுபடி கேட்கத் தோன்றும், அது சரியாக வந்தால் இன்னொன்று. இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் தப்பு வருகிற வரைக்கும் போவோம், தப்பில்தான் முடிப்போம். மிக நன்றாகச் செய்துவிட்டதா? அந்த இடத்திலேயே மீதித் துண்டுகளையும் கொடுத்துவிட்டு 'ஆச்சு' என்று சொல்லுங்கள். கிண்ணத்தில் எட்டு மிச்சம் இருந்தாலும் சரி.

பாடம் குறுகியதாக இருந்தும் விலகுகிறது என்றால் நேரத்தைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 38, 39 டிகிரி சாதாரணம். சிமென்ட் தளம் அதைவிடச் சுடும். புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், நம்மால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. காலை ஏழு மணிக்கு முன், அல்லது இரவில் தளம் ஆறிய பிறகு. நாக்கு அகன்று நீண்டு தொங்கி மூச்சிரைக்கும் நாய்க்குப் பாடமே வேண்டாம், தண்ணீர் காட்டி நிழலுக்குக் கூட்டிப் போங்கள். தள்ளாடினாலோ வாந்தி எடுத்தாலோ உடம்பை நனைத்து, மின்விசிறிக் காற்றில் வைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

"பாடம் முடிந்ததும் குதிக்கிறது, குரைக்கிறது, லுங்கியைக் கடித்து இழுக்கிறது"

நாய் நிலையில் நின்று பாருங்கள். ஐந்து நிமிடம் நொடிக்கு நொடி கறி வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஆள் எழுந்து உள்ளே போகிறார். ஏன் நின்றது, இனி வருமா, எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்க்கிறது: உட்காருகிறது, குரைக்கிறது, துணியைப் பிடிக்கிறது.

இதற்கு மூன்று திருத்தம் உண்டு. முதலாவது, கடைசி இரண்டு வேலையும் மெதுவானதாக இருக்கட்டும். கைகொடுப்பது, சுற்றுவது, தாவுவது எல்லாம் நடுவில் போகட்டும். கடைசியில் பாயில் படுக்கச் சொல்லுங்கள், படுத்த இடத்திலேயே, முன்னங்கால்களுக்கு நடுவில் துண்டை வையுங்கள்.

இரண்டாவது, முடிவுச் சைகை சொன்னதும் ஐந்தாறு துண்டுகளைப் புல்லிலோ பழைய கோணிப்பை மேலோ தூவிவிடுங்கள். தலை கீழே போய் மூக்கு வேலை செய்யத் தொடங்கியதும் நாயின் உடம்பு தளர்வதை நீங்களே பார்ப்பீர்கள். அது தேடி முடிப்பதற்குள் கிண்ணத்தைக் கழுவி அலமாரியில் வைத்துவிடலாம். பாடம் முடிந்தால் எல்லாம் நின்றுபோகும் என்பது போய், பாடம் முடிந்தால் தேடல் தொடங்கும் என்று ஆகிவிடும்.

மூன்றாவதுதான் கஷ்டம். 'ஆச்சு' என்ற பிறகு குரைத்தால் ஒன்றும் கிடைக்கக் கூடாது, ஒரு துண்டுகூட. கொடுத்தால், குரைப்பது மூடிய கடையைத் திறக்கும் சாவி என்று கற்றுக்கொள்ளும். நிறுத்திய முதல் சில நாள் குரைப்பு குறையாது, கூடும். அந்த நாட்களில்தான் வீட்டில் யாராவது மனமிளகிவிடுவார்கள். "பாவம்டா வாயில்லாத ஜீவன்" என்று அம்மாயி ஒரு பிஸ்கட்டைப் போட்டுவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால் அம்மாயியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இன்னும் நல்லது, தூவிவிடும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். பாசத்துக்கும் வழி கிடைக்கும், பாடமும் கெடாது.

துள்ளல் இல்லாத, சாதுவான நாயாக இருந்தால் தூவுவதற்குப் பதில் பந்து விளையாடலாம். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், பாடம் முடிந்ததும் விளையாடவிட்ட லாப்ரடார்கள், ஓய்வெடுக்க விட்டவற்றைவிட மறுநாள் அதே பாடத்தைக் குறைந்த தடவைகளில் திரும்பக் கற்றன. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் பாடம் முடிந்த பிறகு வரும் நேரத்தையும் பாடத்தின் ஒரு பகுதியாக நினைக்க அது எனக்குப் போதுமான காரணம்.

"வீட்டில் கூப்பிட்டால் வருகிறது, வெளியே செயினைக் கையில் எடுத்ததும் ஓடுகிறது"

மூக்கனேரிக் கரைப் பக்கம் காலை நேரத்தில் நின்றால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நாய் பத்தடி தூரத்தில் நின்று வாலை ஆட்டும். ஆள் ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி வைக்கும். கூப்பிடும் குரல் ஏறிக்கொண்டே போகும். ஏன் வர வேண்டும்? இதுவரை 'வா' என்ற சொல்லுக்கு அது கண்ட அர்த்தம், செயின், வீடு, ஆட்டம் முடிந்தது. ஒவ்வொரு முறையும் முடிப்பதற்காக மட்டுமே கூப்பிட்டிருக்கிறோம்.

பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை திரும்ப அனுப்புங்கள். வந்ததும் துண்டு, பெல்ட்டை ஒரு கையால் தொடுதல், இன்னொரு துண்டு, "போ". அடுத்த கட்டத்தில் செயினை மாட்டுங்கள், துண்டு கொடுங்கள், கழற்றுங்கள், "போ". கொக்கி மாட்டும் 'க்ளிக்' சத்தம் கேட்டால் ஆட்டம் முடிந்தது என்கிற கணக்கு உடைந்துபோக வேண்டும். உண்மையாகவே வீட்டுக்குக் கிளம்பும் பத்தாவது தடவையில், செயின் மாட்டிய பிறகு நேராக வண்டிக்கு இழுக்காமல் வேறு பாதையில் கொஞ்ச நேரம் மோப்பம் பிடிக்க விடுங்கள்.

இது பழகும் வரை பத்து மீட்டர் நீளக் கயிறு அவசியம். கயிற்றை நெஞ்சுப் பட்டையில் கட்டுங்கள், ஓடுகிற வேகத்தில் கழுத்துப் பெல்ட் இழுத்தால் காயமாகும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஓட்டத்துக்கென்றே வளர்த்த நாய்கள் முயலையோ ஆட்டையோ பார்த்துக் கிளம்பிவிட்டால் எந்தப் பயிற்சியும் காதில் ஏறாது. வண்டி போகும் சாலைக்குப் பக்கத்தில் அவற்றைக் கயிறு இல்லாமல் விடவே விடாதீர்கள்.

ஒரு நாள் எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை என்றால் துரத்தாதீர்கள். எதிர்ப்பக்கம் நடங்கள், உட்காருங்கள், தரையில் எதையோ தேடுவது போலப் பாருங்கள். வந்த பிறகு திட்டக் கூடாது, எத்தனை நேரம் ஆகியிருந்தாலும். அடுத்த முறை வருமா வராதா என்பது அந்த நொடியில்தான் முடிவாகிறது.

"டிரீட் டப்பாவை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது"

முன்பு பாடம் கோபத்தில் முடிந்திருக்கிறது, அல்லது நடுவில் கழுத்தைச் சுண்டி இழுத்திருக்கிறார்கள். சில நாள் பாடமே வேண்டாம். டப்பாவைத் திறங்கள், ஒரு துண்டைத் தரையில் போடுங்கள், டப்பாவை மூடி வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். எதுவும் கேட்க வேண்டாம். டப்பா சத்தத்துக்குத் தானாக வெளியே வரத் தொடங்கிய பிறகு, ஒரு தடவை மட்டும் கேட்கும் பாடம்: ஒன்று, உடனே முடிவு. வெளியே இழுத்துப் போட்டுச் சொல்லிக்கொடுத்த எதுவும் நிலைக்காது. சுண்டும் சங்கிலியைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

"'இரு' என்றால் இருப்பதில்லை, நான் சொல்வதற்குள் எழுந்துவிடுகிறது"

துண்டை எப்போது கொடுக்கிறீர்கள்? எழுந்து உங்களிடம் வந்த பிறகு என்றால், எழுவதற்குத்தான் கூலி கிடைக்கிறது. இருக்கும்போதே, இருக்கிற இடத்துக்கே போய்க் கொடுங்கள். எழுந்து வந்த பிறகு ஒன்றும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு 'இரு'வுக்கும் ஒரு முடிவு வேண்டும். 'இரு' என்று சொல்லிவிட்டுக் கேஸ் அடுப்பைப் பார்க்கப் போய் மறந்துவிடுகிறோம். எப்போது முடிந்தது என்று நாயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அது ஒருமுறை தீர்மானித்துவிட்டால் அப்புறம் எப்போதும் அதுதான் தீர்மானிக்கும். இரண்டு நொடியில் விடுவியுங்கள், மூன்று, மறுபடி ஒன்று, ஐந்து. நீட்டிக்கொண்டே போகாமல் நடுநடுவே குறுக்குங்கள்.

"நேற்று நன்றாகத் தெரிந்தது, இன்று மறந்துவிட்டது"

மறந்திருக்காது. ஹாலில் கற்றதை வாசலில் கேட்கிறீர்கள். ஹால், வாசல், தெரு, மூன்றும் நாய்க்கு மூன்று பாடம். இடம் மாறினால் இரண்டு படி கீழே இறங்கித் தொடங்குங்கள்.

ஐந்து தடவைக் கணக்கு இதற்கு உதவும். ஐந்தில் நாலோ ஐந்தோ சரியென்றால் ஒரு படி ஏற்றலாம், மூன்று என்றால் அங்கேயே இருங்கள், இரண்டோ அதற்குக் குறைவோ என்றால் இறக்குங்கள்.

தினமும் செய்யாவிட்டால் மறந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், வாரம் ஒரு நாள் பயிற்சி பெற்ற பீகிள் நாய்கள், வாரம் ஐந்து நாள் பயிற்சி பெற்றவற்றைவிடக் குறைந்த பாடங்களில் அதே வேலையைக் கற்றன. நாட்கணக்கில் அதிகம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் வேலைக்குப் போய் வரும் வீடுகளில் ஒரு நாள் விட்டுப்போனதற்காக மறுநாள் இரண்டு மடங்கு செய்ய வேண்டியதில்லை என்பதற்கு அது போதும்.

"சேலத்தில் சொன்னதெல்லாம் கேட்டது, ஏற்காட்டில் காது கேட்காதது போல இருக்கிறது"

20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த நாய்க்கு வயிறு குமட்டிக்கொண்டிருக்கலாம். இறங்கியதும் துண்டைக் காட்டாதீர்கள். தண்ணீர், ஓய்வு, அப்புறம் கயிற்றோடு அரை மணி நேரம் மோப்ப நடை. குரங்கு, காட்டெருமை, ஈர மண், காபிப் பூ என்று அது இதுவரை மோந்திராத எத்தனையோ அங்கே இருக்கின்றன. முதலில் அதைப் படித்து முடிக்கட்டும். அன்றைக்குப் பாடம் என்றால், பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பது மட்டும். திரும்பியது, துண்டு, 'ஆச்சு', மறுபடி மோப்பம். இங்கே மோப்பம்தான் பெரிய பரிசு.

தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு, அந்தி நேரத்தில் பாதைக்கே வரும். நாய் குரைத்துத் துரத்தினால் அதற்கும் ஆபத்து, கயிறு பிடித்திருக்கும் உங்களுக்கும் ஆபத்து. உதிர்ந்த காபிப் பழத்தைத் தின்ன விடாதீர்கள், கொட்டையில் உள்ள காஃபின் நாய்க்கு நஞ்சு. திரும்பி வந்ததும் காது மடல், விரலிடுக்கு, அக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

"இன்று எதுவுமே சரியாக வரவில்லை, எப்படி நல்லபடியாக முடிப்பது?"

நல்லபடியாக முடிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சரியாக ஒருமுறை வரட்டும், முடித்துவிடலாம் என்று இருபது தடவை கேட்பார்கள். ஒவ்வொரு தப்பும் அடுத்த தப்பைச் சுலபமாக்கும்.

வராத வேலையை அப்படியே விட்டுவிடுங்கள். தூக்கத்தில்கூடச் செய்யும் ஒன்றைக் கேளுங்கள்: பெயர் சொன்னால் பார்ப்பது, உள்ளங்கையை மூக்கால் தொடுவது. செய்ததும் துண்டு, 'ஆச்சு', முடிந்தது. அதுவும் வரவில்லையா? எதுவும் கேட்காமல் நாலு துண்டைத் தூவிவிட்டு எழுந்துவிடுங்கள். உங்களுக்குக் கோபம் ஏறுகிறது என்றால் இதைக்கூட யோசிக்க வேண்டாம், அந்த நொடியே முடிவுச் சைகைதான். அரைகுறையாக நின்ற பாடத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. நாளைக்கு அதைவிடச் சுலபமான இடத்தில் தொடங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் ஏன் வரவில்லை என்று பாருங்கள். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும் நாட்களில் ஊரெங்கும் மேளமும் வெடியும் கேட்கும். பயந்த நாய்க்குப் பசி எடுக்காது, பாடமும் ஏறாது. அந்த வாரம் கதவைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

சத்தமும் இல்லை, வெயிலும் இல்லை, ஆனாலும் நன்றாக உட்கார்ந்துகொண்டிருந்த நாய் உட்கார மறுக்கிறதா? அது வலியாக இருக்கலாம். இடுப்பு, முழங்கால், பாதத்தில் முள், காதில் சீழ். உண்ணிக் காய்ச்சலில் நாய் முதலில் காட்டுவதும் இந்தச் சோர்வைத்தான், சாப்பாட்டையும் குறைத்துக்கொள்ளும். பாடத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தான் இருக்கிறது. கிளம்பும் முன் வீட்டு வாசலில் அது நடப்பதையும், படுத்து எழுவதையும் ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேசையில் பயத்தில் விறைத்து நிற்கும்போது நொண்டல் தெரியாது.